பிலோமி அக்காவின் பெயரை இன்டர்நெட்டில் போட்டேன்

1. சதுரம் சதுரமாக

ஏற்காட்டில் ஒரு போர்டிங் பள்ளி ஆபீசில் நான் டைப்பிஸ்ட். படிப்பு பத்தாவது, தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர் பரீட்சை பாஸ். தொண்ணூறுகளின் கடைசியில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே போன் லைனில் மாட்டுகிற மோடமும் வந்தது. "டைப் தெரிஞ்சவரு நீங்கதானுங்க, உக்காருங்க" என்று கம்ப்யூட்டர் டீச்சர் ஷீலா மிஸ் சொன்னார். மாதாவை வேண்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எனக்கு எழுத ஆசை. பத்திரிகைகளுக்கு அனுப்பியதெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதை மிஸ்ஸிடம் சொன்னபோது, வெளிநாட்டுத் தமிழர்கள் இமெயிலிலேயே எழுதிப் படிக்கிற ஒரு குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். ஒரு தடவை அனுப்பினால் எல்லோருக்கும் போகுமாம். "ஒரே லெட்டர எல்லா ஊட்லயும் எப்படிங்க மிஸ் போடுவாங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கிளாசுக்குப் போய்விட்டார்.

முதல் கட்டுரைக்கு ஒரே ஒருவர் பதில் போட்டார். "ஐயா, எல்லாம் சதுரம் சதுரமாகத் தெரிகிறது." மிஸ் வேறு ஃபான்ட் போட்டுக் கொடுத்து, இனிமேல் தெரியும் என்றார். அதற்குப் பிறகு அனுப்பியவற்றுக்கு ஒரு பதிலும் இல்லை. இன்னும் சதுரம்தான் போகிறது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

2. பேரும் ஊரும்

யாரும் படிப்பதில்லை என்றானதும் கை தாராளமாக ஓடியது. ஹாஸ்டல் சமையல்கார பிலோமி அக்காவைப் பற்றி எழுதினேன். உடம்புக்கு முடியாத பிள்ளைகளில் யாருக்குக் கஞ்சி, யாருக்குப் பால் ஆகாது என்று தினமும் காலையில் சிக்ரூமிலிருந்து ஒரு சீட்டு வரும். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் போய் ஒரு தடவை படித்தால் அப்படியே மனதில் வைத்துக்கொள்வார். இது எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. 'ஒரு நாளும் அவர் கையில் மாறியதில்லை' என்று மெச்சித்தான் எழுதினேன்.

எங்கள் மாதா கோவிலில் பூசைக்கு வேண்டுதல் சீட்டு கொடுத்தால் பேரும் ஊரும் தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாமியார் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தப் பழக்கத்தில் 'பிலோமினா, வாழவந்தி' என்று முழுசாக டைப் அடித்து அனுப்பினேன்.

3. ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார்

"ஆரோக்கியம், இது நீங்க எழுதுனதா?"

அவர் மேசையில் என் கட்டுரை பிரின்ட் எடுத்துக் கிடந்தது. சிங்கப்பூரில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், காய்ச்சலில் அக்கா கையால் கஞ்சி குடித்தவராம், நல்ல மனதோடு அனுப்பிவைத்திருந்தார். ஒருவர் படித்துவிட்டார் என்று எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை ஆண்டவர் மன்னிக்கட்டும்.

"சிக்ரூம் சீட்டை அவங்க படிக்கறதே இல்லையா?"

"நான் படிச்சுச் சொல்லிருவனுங்க சார்."

"நீங்க லீவு போட்டா?"

சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டுப் பேசப்போவதாகச் சொன்னார். அதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று சமையற்கட்டுக்கு ஓடினேன். அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். எழுதியதையும் அது ஹெட்மாஸ்டர் வரைக்கும் போனதையும் சொன்னேன்.

"எத்தன பேருக்குங்க தம்பி தெரிஞ்சுபோச்சு?"

"தெரியலீங்கக்கா. சிங்கப்பூரு, கனடா..."

"கனடாவுல எனக்கு யாரு இருக்கறாங்க? இங்க கோயில்ல பாட்டுப் பொஸ்தகத்தப் பிரிச்சுப் புடிச்சு, படிக்கறாப்பலயே இத்தன வருசம் நின்னுட்டனுங்க. அதயும் எழுதிட்டீங்களா?"

"இல்லீங்கக்கா."

"அட, அத மறந்துட்டீங்களாக்கும்."

அவருக்கு வேலை போகவில்லை. சிக்ரூம் சமையல் மட்டும் படிக்கத் தெரிந்த இன்னொரு அம்மாவுக்குப் போனது. அக்காவுக்கு நொம்பப் பிடித்த வேலை அதுதான். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெச்சி எழுதியது எப்படித் தப்பானது என்று எனக்கு விளங்கவே இல்லை. கோவிலில் முழங்காலில் நின்று கேட்டும் விளங்கவில்லை.

4. "படிங்க"

சில வாரம் கழித்து, மத்தியானத்தில் அவரே ஆபீசுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"சிங்கப்பூர்க்காரரு படிச்சுட்டாரு. எட்மாஸ்டரு படிச்சுட்டாரு. என்னையப் பத்தி என்ன எழுதிருக்குன்னு எனக்குத்தான் தெரியாது. படிங்க."

படித்தேன். 'ஒரு நாளும் மாறியதில்லை' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒருக்கா மாறிருச்சுங்க. நீங்க உங்க தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப. சீட்ட யாருகிட்டக் காட்டறதுன்னு தெரியாம, முந்தின நாளு மாதிரியே குடுத்துட்டேன். பால் ஆகாத புள்ளைக்குப் பால் போயிருச்சு. வவுத்தப் புடிச்சுக்கிட்டு ரெண்டு நாளு கெடந்துச்சுங்க பாவம். யாருகிட்டயும் நான் மூச்சு விடல."

கட்டுரையைக் கீழே வைத்தேன்.

"எட்மாஸ்டரு செஞ்சது சரிதானுங்க. நீங்க என்னையக் கேட்டிருந்தீங்கன்னா அன்னிக்கே சொல்லிருப்பேன். எழுதறதுன்னா முழுசா எழுதுங்க, பேரப் போட்டே."

எழுத வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். யாரைப் பற்றி எழுதினீர்களோ அவருக்கு முதலில் படித்துக் காட்டுங்கள். மெச்சி எழுதியிருந்தாலும் படித்துக் காட்டுங்கள்.

அன்று அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். அனுப்புவதற்கு முன்னால், "இது யாருக்குங்க போகுது?" என்றார்.

"தெரியலீங்கக்கா."

திரையைப் பார்த்து, "சரி, அனுப்புங்க" என்றார்.