கை மாறி நிற்கும் பெருமாள்கள்

எங்கள் வீட்டு இரும்பு அலமாரியின் அடித்தட்டில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. அது நிறையப் பெருமாள்கள். திருமண், நீல மேனி, காலடியில் தாமரை என்று எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அத்தனை பேரும் கை மாறி நிற்கிறார்கள். வலது கையில் இருக்க வேண்டிய சக்கரம் இடது கையில், இடது கையில் இருக்க வேண்டிய சங்கு வலது கையில். விற்கவும் முடியாது, குப்பையில் போடவும் முடியாது, பெருமாள் ஆயிற்றே. வர்ணம் கொடுத்தவள் நான். கை மாற்றச் சொன்னவர்கள் என் வீட்டு மனிதர்கள்.

நான் இடது கைக்காரி. சித்தூரில் என் பிறந்த வீட்டில் அம்மா என் சாப்பாட்டையும் எழுத்தையும் கோலத்தையும் வலது கைக்கு மாற்றிவிட்டாள். எப்படி மாற்றினாள் என்று கேட்காதீர்கள், மாற்றிவிட்டாள். படம் போடுவதை மட்டும் போனால் போகிறது என்று விட்டாள். திருப்பதியில், கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டபோது, நான் எந்தக் கையால் சாப்பிடுகிறேன், எந்தக் கையால் பரிமாறுகிறேன் என்று பார்த்தார்கள். இரண்டும் சரியாக இருந்தது. எந்தக் கையால் படம் போடுவாய் என்று பெண் பார்க்க வந்த இடத்தில் யாரும் கேட்பதில்லை.

ஆல்கஹால் மார்க்கர் என்பது இரண்டு பக்கமும் முனை உள்ள பேனா. ஒரு முனை தூரிகை போல வளையும், இன்னொன்று பட்டையாக இருக்கும். போனில் யாரோ ஒருத்தி காகிதப் பூவுக்கு அதை வைத்து நிழல் கொடுப்பதைப் பார்த்து எனக்கு ஆசை வந்தது. பெட்டி வந்து இறங்கிய அன்று மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே இருந்ததைப் படித்தார்.

"ஆல்கஹால்னு போட்டிருக்கேடி."

"கொரோனாவுல கைல தடவிண்டோமே, அந்த சமாசாரம்தாம்மா."

"தளிகை உள் பக்கம் கொண்டு வராதே."

சமையலறைக்குள் வராத வரைக்கும் சரி, அதோடு முடிந்தது. சாராயத்தை அவர் மன்னித்துவிட்டார்.

முதலில் வெளிர் நிறம், அதன் மேல் நடு நிறம், ஓரத்தில் அடர்ந்த நிறம், பிறகு மறுபடியும் வெளிர் நிறத்தை எடுத்து நடுவில் நிற்கிற கோட்டைக் கரைக்க வேண்டும். சொன்னால் இவ்வளவுதான். செய்து பார்த்தால் வண்டவாளம் தெரியும். ஜெராக்ஸ் எடுத்த படத்தில் போட்டேன். கறுப்புக் கோடு இளகி மஞ்சளெல்லாம் அழுக்காயிற்று. சாதாரணத் தாளில் போட்டேன். மை ஊறிக் கோட்டைத் தாண்டி, அடியில் இருந்த மேஜை விரிப்பிலும் இறங்கிற்று. வழவழப்பான கெட்டி அட்டை, ரப்பர் ஸ்டாம்பில் ஒற்றி எடுத்த கோடு என்று ஒவ்வொன்றாகத் தட்டுத் தடுமாறித்தான் கண்டுபிடித்தேன். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிகிற நீலம் காய்ந்தால் வெளுத்துப் போகும் என்பதையும் கெடுத்துக் கெடுத்தே தெரிந்துகொண்டேன்.

கடைசியில் பிடிபட்டது வேகம். முதல் நிறம் காய்வதற்குள் அடுத்தது போய்ச் சேர வேண்டும். கை நின்று யோசித்தால் அந்த இடத்தில் கோடு விழுந்துவிடும், அப்புறம் எந்த சாமி வந்தாலும் போகாது. ஒரு நாள் மத்தியானம் ஒரு தாமரை இதழ் வந்தது. ரோஜா நிறம் எங்கே முடிந்து வெள்ளை எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கே எனக்கென்று கிடைத்தது அந்த இதழ்தான்.

மாமியாரின் அண்ணாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தபோது, விரித்தால் பெருமாள் எழுந்து நிற்கிற மாதிரி ஒரு மடிப்பு அட்டை செய்து கொடுத்தேன். வந்தவர்கள் எல்லோரும் அதைக் கையில் வாங்கி மூடி மூடித் திறந்தார்கள். "எங்காத்து மாட்டுப்பொண்ணு பண்ணினது" என்று மாமியார் பந்தி பந்தியாகப் போய்ச் சொன்னார். அப்புறம் கல்யாணம், பூணூல், சீமந்தம் என்று ஆர்டர் வர ஆரம்பித்தது. நான் எந்தக் கையால் போடுகிறேன் என்பது மாமியாருக்குத் தெரியாமல் இல்லை. வெளியார் கண்ணில் படாத வரைக்கும் அவர் கண்ணிலும் படவில்லை.

பட்டது. திருச்சானூரில் லாட்ஜ் வைத்திருக்கிற வீட்டு அம்மாள் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு அட்டை சொல்ல வந்தார். வேலையை நேரில் பார்க்க வேண்டும் என்றார். நான் கூடத்தில் உட்கார்ந்து பெருமாளின் திருவடிக்கு வர்ணம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என்னிடம் இல்லை, என் மாமியாரிடம் கேட்டார்.

"எடம சேத்தோனா?"

இடது கையாலா என்று தெலுங்கில் இரண்டு வார்த்தை. வைத்த காபி அப்படியே இருக்க எழுந்து போய்விட்டார். மாமியாருக்கு முகம் செத்துவிட்டது.

"சாப்பிடறச்சே வலது கை வரதோன்னோ? இதுக்கு மட்டும் என்ன கொள்ளை?"

"வலது கையால போட்டா கோடு கோடா நிக்கும்மா."

"பழகு."

பழகினேன். வயசான கையைப் புதிதாகப் பிறக்கச் சொன்னால் அது பிறக்குமா? வலது கைக்கு வேகம் வரவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் யோசித்தது, அதற்குள் மை காய்ந்தது. பெருமாள் மேனி காரை பெயர்ந்த சுவர் மாதிரி பட்டை பட்டையாக நின்றது. என் கணவரிடம் சொன்னேன். "அம்மா மனசு நோகாம பாத்துக்கோ" என்றார். என் மனசு யார் பார்த்துக்கொள்ள என்று கேட்டேன். பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிரித்துக்கொண்டார்.

வந்த ஆர்டரைக் கைவிடவும் வீட்டில் யாருக்கும் மனசில்லை. ஆகவே ஒரு ஏற்பாடு செய்தார்கள். நான் பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு போட வேண்டும். கூடத்தில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவது என் ஓர்ப்படி, அதாவது என் மச்சினனின் மனைவி. அவள் கெட்டவள் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

வீடியோ போடலாம் என்பது அவளுடைய யோசனை. முகம் வேண்டாம், கை மட்டும் தெரிந்தால் போதும். மச்சினன் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். இதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ஒரே பட்டன் மன்னி. அப்படியே திருப்பிட்டா எடது கை வலது கையாயிடும்."

கண்ணாடியில் பார்க்கிற மாதிரி படத்தையே இட வலமாக மாற்றிவிட்டான். மார்க்கர் மேல் இருக்கிற எழுத்தும் திரும்பித் தெரியுமே என்று ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை டேப் சுற்றினான். அதற்கப்புறம் எது எந்த நீலம் என்று நம்பரைப் பார்த்து எடுக்க எனக்கு வழியில்லை. கொதிக்கிற சாத்தமுது, அதாவது ரசம், கொட்டி என் இடது கட்டைவிரலில் ஒரு தழும்பு உண்டு. வீடியோவில் அது வலது கட்டைவிரலுக்குப் போய்விட்டது. "இப்போ நான் வெளிர் ரோஜா எடுத்துக்கறேன்" என்று ஓர்ப்படி சர்க்கரையாகப் பேசுவாள். என் கை எடுக்கும்.

தாமரை, குத்துவிளக்கு, மாவிலைத் தோரணம் எல்லாம் போட்டோம். திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் மாவிலை மாவிலைதான், யாருக்கும் தெரியவில்லை. பெருமாளைப் போட்ட அன்று பிடித்தது சனி. காலையிலிருந்து மாமியாரின் போன் ஓயவில்லை. சக்கரம் எந்தக் கையில் இருக்கிறது, கைங்கர்யக் குடும்பத்துக்கு இது கூடவா தெரியாது என்று கேட்டார்கள். உறவுக்காரர் ஒருவர் நக்கலாக, திருக்கோவலூர்ப் பெருமாளோ என்றாராம். அங்கே மட்டும் வலது கையில் சங்கு. மாமியார் "அபசாரம், அபசாரம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இனி வேறு வழியில்லை, உள்ளபடி விட்டுவிடுவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

"திருப்பாம விட்டா பெருமாள் சரியா வருவார்" என்றேன்.

மச்சினன்தான் கொஞ்சம் யோசித்துவிட்டு வாயைத் திறந்தான்.

"இன்னொண்ணு பண்ணலாம் மன்னி. ஸ்டாம்பையே மாத்திப் பண்ணிடறேன். நீங்க சக்கரத்தை அந்தக் கையில போடுங்கோ. நான் திருப்பினதும் சரியாயிடும்."

மாமியார் கண்ணைத் துடைப்பதை நிறுத்தினார். "படத்துல பாக்கறச்சே சரியா இருக்குமோன்னோ?" என்று கேட்டார். இருக்கும் என்றான். "அப்போ சரி."

அப்போ சரியாம். என் கையை ஒளித்து வைக்கப் பெருமாள் கையை மாற்றலாம், அது அபசாரத்தில் சேராது. அப்படி வந்தவர்கள்தான் அலமாரிப் பெட்டிக்குள் இருப்பவர்கள். சங்கும் சக்கரமும் மட்டுமில்லை, திருவடியைச் சுட்டிக் காட்டுகிற கையும் மாறிவிட்டது. திருமலையில் நிற்கிறவர் வலது கையால் காட்டுகிறார், என்னிடம் இருப்பவர்கள் இடது கையால் காட்டுகிறார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களை எனக்குப் பிடிக்கும்.

பிறகு சித்தூரிலிருந்து அழைப்பு வந்தது. கைவினைச் சாமான் விற்கிற கடை ஒன்றில், மாடியில் பெண்களுக்கு ஒரு நாள் வகுப்பு. வீடியோவில் வருகிற அக்காவே நேரில் வந்து சொல்லித்தர வேண்டும் என்றார்கள். என் ஊர், என் கை. மாமியார் யோசிக்கக்கூட இல்லை. "அவ போகட்டும். நீயும் கூடப் போ, பெட்டியைத் தூக்கிண்டு" என்றார்.

ஓர்ப்படிக்கு என்னிடம் கேட்டுக் கேட்டு விஷயமெல்லாம் தெரியும். கைதான் தெரியாது. நடு மேஜையில் உட்கார்ந்து ஒரு இதழ் போட்டாள், பட்டை நின்றது. ஏசி காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்றாள். இன்னொன்று போட்டாள், அதுவும் நின்றது. சுற்றி நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் மார்க்கரை வாங்கிக்கொண்டேன். எந்தக் கை என்று யோசிக்கவில்லை. யோசித்தால் கோடு விழும். இதழ் முடிந்தது, அடுத்த இதழும் முடிந்தது. சுற்றி நின்றவர்கள் மேஜையை நெருங்கி வந்தார்கள்.

முன்னால் நின்ற பெண் ஒருத்தி சித்தூர்த் தமிழில் சொன்னாள்.

"எக்கா, வீடியோல வர்ற கை மாதிரியே கீது. இவங்ககிட்டதான் கத்துக்கினீங்களா?"

நான் ஓர்ப்படியைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது என் கைதான் என்று ஒரு வார்த்தை. அவள் இன்னொரு மார்க்கரின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் எனக்காக வருத்தப்பட்டு, நல்ல மனசோடுதான், மேலும் சொன்னாள்.

"இன்னா ஒண்ணு, நீங்க பீச்சாங்கை. அவங்க மாதிரி சோத்தாங்கையில பழகிக்கினா இன்னும் நல்லா வரும்."

நீயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் யார் நம்புவது? என் தழும்பு அந்தப் பெண்ணின் கண்ணுக்கு நேரேதான் இருந்தது. வீடியோவில் அது வலது கையில் அல்லவா இருக்கிறது! எனக்கென்று இருந்த சாட்சியைக்கூடத் திருப்பி வைத்துவிட்டார்கள். நான் மார்க்கரை மூடி ஓர்ப்படியிடம் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

திரும்பி வரும்போது பஸ் சந்திரகிரியைத் தாண்டியதும் ஓர்ப்படி என் பக்கம் திரும்பினாள்.

"நான் சொல்லிருக்கணும் மன்னி" என்றாள்.

"ஆமாம்" என்றேன். வேறென்ன சொல்வது?

அடுத்த தடவை பெருமாள் வீடியோ எடுக்க மச்சினன் போனைப் பொருத்தியபோது, நான் மாற்றிய ஸ்டாம்பை ஒதுக்கிவிட்டுப் பழைய ஸ்டாம்பை ஒற்றினேன். சக்கரம் அதன் கையில், சங்கு அதன் கையில்.

"திருப்பினா தப்பா வருமே மன்னி."

"திருப்பாதே."

மாமியார் வாசற்படியில் வந்து நின்றார். "ஊரே பாக்கும்டி."

"பாக்கட்டும்மா. இனிமே கை மாத்தின பெருமாளை நான் போட மாட்டேன்."

அன்று அந்த வீட்டில் என் குரல் அவ்வளவு உரக்க வந்தது எனக்கே ஆச்சரியம். யாரும் சண்டைக்கு வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்து அவர்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். என் இடது கையைக் காட்டுவதைவிட எதையும் காட்டாமல் இருப்பது மேல் என்பது அந்த முடிவு. அக்காவுக்குக் கை சரியில்லை, கொஞ்ச நாள் வீடியோ வராது என்று ஓர்ப்படி ஒரு அறிவிப்புப் போட்டாள்.

அதன் கீழே ஜனங்கள் எழுதியதை மறுநாள் காபி குடித்துக்கொண்டே என் கணவர் படித்துக் காட்டினார். கை சீக்கிரம் குணமாக ஏழுமலையானை வேண்டிக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். தங்கமான கை, யார் கண் பட்டதோ, சுற்றிப் போடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அவர் குரலில் பெருமைகூட இருந்தது.

அன்று சாயங்காலம் மாமியார் உப்பும் மிளகாயும் எடுத்து வந்து, ஓர்ப்படியைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, அவளுடைய வலது கைக்குச் சுற்றி அடுப்பில் போட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கையை நீட்டினாள். மாமியார் சொன்னது பின் அறையில் இருந்த எனக்கும் கேட்டது.

"எவ்வளவு கண்ணு பாரு. மிளகாய் நெடியே வரலை."

நான் என் இடது கையைப் பார்த்தேன். அதற்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.