அடிக்காத மணி

காலை பஸ் சித்தூரில் நின்றதும் கண்டக்டர் என்னைத் தேடி வந்தார். "ஏனுங்க வாத்தியாரே, உங்க விசுவநாதன் சார் நேத்துப் போயிட்டாருங்க. ஊட்டுக் கடியாரம் ஆறு அடிக்க, உசுரும் போயிருச்சாமுங்க." துக்கம் வருவதற்கு முன்னால் எனக்கு உடம்பு சில்லிட்டது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்பாத்திக்காரர், எங்கள் கல்லூரியில் மனோதத்துவப் பேராசிரியர். என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்து ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று வருஷக்கணக்காகச் சண்டை போட்டவர். எழுதிய கட்டுரைகள் கொஞ்சம்தான். அவற்றில் ஒன்று கடல் கடந்து போனது. முகம் தெரியாத பேராசிரியர்களெல்லாம் அதை மேற்கோள் காட்டினார்கள். நாங்கள் பெருமைப்பட்டோம், அவருக்கோ அது தலைவலியாகிவிட்டது.

வண்டன்மேட்டுக்கு அப்பால் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் மழைக்காலத்தில் மலை சரிந்து தொழிலாளர்களின் லயத்து வீடுகள் சில மண்ணுக்குள் போயின. மறு கோடை விடுமுறையில், பயம் ஞாபகத்தை, அவர் பாஷையில் ஓர்மையை, என்ன செய்கிறது என்று ஆராய அவர் அங்கே போனார். பிழைத்தவர்களிடம், "மணி எத்தனை அடிச்சிருக்கும், ஓர்மை இருக்கா?" என்று கேட்டார். அவர் வீட்டில் சுவர்க்கடிகாரம் உண்டு, நேரம் கேட்பதே அப்படித்தான். லயத்தில் கடிகாரமும் கிடையாது, மணியும் கிடையாது. கங்காணியின் விசில்தான். அவர்கள் தலையாட்டி வைத்தார்கள்.

அடுத்த வருஷம் போனபோது எல்லோரும் மணியைப் பற்றியே பேசினார்கள். மலை சரிவதற்கு முன்னால் பெரிய மணி ஒன்று அடித்ததாம். தன் கேள்வியே அந்த மணியை அடித்துவிட்டது என்று அவர் எழுதியதுதான் அந்தக் கட்டுரை. பிறகு அதை மேற்கோள் காட்டியவரை மேற்கோள் காட்டிய ஒருவர், 'மணி எச்சரித்தும் மக்கள் வெளியேறவில்லை' என்று எழுதிவிட்டார்.

"பாத்தேளா ஓய்! மேற்கோளும் மனுஷா ஓர்மையும் ஒண்ணுதான். மூலத்தை ஆரும் தொறந்து பாக்கறதில்லை" என்றார். சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. "அவன் எழுதிட்டுப் போறான். ரோசம்மாவை என்ன பண்றது?"

ரோசம்மா அந்தச் சரிவில் கணவனை இழந்தவள். ஆட்டைக் கட்டுவதற்கு வெளியே வந்ததால் பிழைத்தேன் என்று முதல் தடவை சொல்லியிருந்தாள். மறு வருஷம், மணி கேட்டு ஓடி வந்தேன், புருஷனை எழுப்பாமல் விட்டுவிட்டேன் என்று மார்பில் அடித்துக்கொண்டாள். இல்லாத மணிக்காக ஒருத்தி ஆயுசு முழுக்க அழக்கூடாது என்று அவர் என்னையும் கூட்டிக்கொண்டு மலையேறினார்.

"மணியே அடிக்கலை அம்மா. நீ ஆட்டைக் கட்டத்தானே வெளியே வந்தே?" என்றார்.

அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "எந்த ஆடு சார்? எங்ககிட்ட ஆடே கெடையாதே. மணி அடிச்சுது. அவுக தூங்கிட்டுக் கெடந்தாக. நான் மட்டும் ஓடியாந்துட்டேன்."

வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அவர் மெல்லக் கேட்டார்: "ஓய், ஆடுன்னு சொன்னது அவளா, இல்லை நானா சேர்த்துண்டேனா?"

"நீங்கள்தானே அப்போதே எழுதி வைத்தீர்கள்?"

"எழுதினதும் நான்தானே."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நாற்காலி போட்டு ஏறி, கடிகாரத்தில் மணியடிக்கும் சின்னச் சுத்தியலைக் கழற்றினார். "இனிமே இதைக் கேக்க முடியாது ஓய். நீர் கொண்டு போம்" என்று என் கையில் கொடுத்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். அதன் பிறகு அந்தக் கடிகாரம் ஓடியது, அடிக்கவில்லை.

கண்டக்டர் சொன்னதைக் கேட்டு நான் கல்பாத்திக்கு ஓடினேன். அவருடைய மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "சாயங்காலம் திடீர்னு கண்ணை முழிச்சு, 'மணி அடிக்கறதே, கேக்கறதோ?'ன்னார். ஆறு அடிச்சு முடிஞ்சது, கண்ணை மூடிண்டுட்டார். இங்க இருந்த நாங்க எல்லாரும் கேட்டோம்" என்றார். சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

அவருடைய கட்டுரை எனக்கு வரிக்கு வரி தெரியும். இங்கேயும் அவருடைய கேள்விதான் மணியை அடித்தது என்பதும் தெரியும். ஆனாலும் நிமிர்ந்து அந்தக் கடிகாரத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

யாரிடமும் 'ஓர்மை இருக்கா' என்று நான் இப்போது கேட்பதில்லை, 'சொல்லுங்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவரிடமிருந்து எனக்கு வந்தவை அந்த வழக்கமும் அந்தச் சுத்தியலும்தான். சுத்தியல் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வீடு திரும்பியதும் திறந்து, தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.