சாக்குக்கு ஒரு கிலோ

நத்தம் பக்கத்திலிருந்து அந்த அக்கா முதன்முதலாக எங்கள் கடைக்கு வந்தபோது, கையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் ஆறு தாள்கள் வைத்திருந்தார். எங்களுடையது திண்டுக்கல்லில் எலக்ட்ரானிக் தராசு விற்று, பழுதும் பார்க்கும் கடை. இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்த நான் அங்கே சர்வீஸ் பார்க்கிறேன். வேடசந்தூர் மில்களுக்குப் போய்ப் பெரிய தராசுகளைச் சரிபார்ப்பதும் என் வேலைதான். ஐம்பது கிலோ தராசு என்ன விலை என்று கேட்டவர், சொன்னதும் தாள்களை என் மேசைமேல் விரித்தார். வங்கி திருப்பி அனுப்பிய கடன் மனு.

அவர் செய்ய நினைத்த தொழிலில் சிக்கல் எதுவும் இல்லை. அவருடைய தெருவில் இருபது வீடுகளில் பெண்கள் புளி உடைக்கிறார்கள். வியாபாரி ஓட்டோடு புளியைக் கொடுப்பார். ஓடும் நாரும் கொட்டையும் நீக்கித் திருப்பிக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கொட்டையை மட்டும் உடைத்தவர்களே வைத்துக்கொள்ளலாம். அதை வீடு வீடாக வாங்கிச் சேர்த்து, நூலுக்குக் கஞ்சி போடும் மாவு அரைக்கிற ஆலைக்கு நேராக விற்கலாம் என்பது அக்காவின் திட்டம். அதற்கு ஒரு தராசு வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

மனு ஏன் திரும்பியது என்று நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒன்று, கணவர் கையெழுத்து இல்லை. அவர் விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது. இரண்டு, கடை வாடகை ஒப்பந்தம் இல்லை. வாசலில் வைத்துச் செய்யும் தொழிலுக்குக் கடை எதற்கு? மூன்று, அனுபவச் சான்று இல்லை. பதினெட்டு வருடமாகப் புளி உடைத்து நகக்கண்ணெல்லாம் கறை ஏறிய கைக்கு யார் சான்று எழுதித் தருவது? நான்காவது, தாளில் இல்லாதது, வாயால் சொன்னது. "தராசு வாங்குறதெல்லாம் ஒரு தொழிலாம்மா?" என்று சிரித்தாராம் அந்த அதிகாரி. அவர் மேசையில் கிடந்த போனின் விலைக்கு இதுபோல நாலு தராசு வாங்கலாம் என்று அக்காவே சொன்னார்.

அன்று மதியமே பின்னறையில் கிடந்த ஒரு பழைய தராசை எடுத்துப் பிரித்தேன். எடையை உணரும் பாகம் மட்டும்தான் போயிருந்தது. பாவம் பார்த்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்றார் முதலாளி. தராசின் விலையையும் புதுப் பாகத்தின் விலையையும் நானே தருகிறேன் என்றேன். அக்கா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"கடனும் வேணாம், தர்மமும் வேணாம். நீ பாதி போடு, நான் பாதி போடுறேன். கொட்டையில வர்றதும் பாதி பாதி."

எனக்குக் கால் பங்கு போதும் என்றேன்.

"இம்புட்டுப் படிச்சிருக்க, யாவாரம் பேசத் தெரியலையே பாப்பா" என்று சிரித்தார்.

எடையளவு அலுவலகத்தில் முறைப்படி முத்திரை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தராசைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனேன். அக்காவின் வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடிவிட்டார்கள். சாக்கோடு நிறுத்தால் சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும் என்று விளக்கினேன். அது தெரியும், சாக்குக்கு ஒரு கிலோ என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். உடைத்த புளியை நிறுத்து எடுக்கும்போது வியாபாரி அப்படித்தான் கழிப்பாராம். நான் காலிச் சாக்கு ஒன்றைத் தட்டில் வைத்தேன். நூற்றுப்பத்து கிராம் காட்டியது.

"பழுதா போச்சா பாப்பா, தராசு?" என்று கேட்டார் அந்தப் பெண்களில் ஒருவரான எதிர்வீட்டுக்காரர்.

அவரே உள்ளே போய் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு கிலோவும், உறைக்குக் கொஞ்சம் கிராமும் காட்டியது. மறுபடி சாக்கை வைத்தோம். நூற்றுப்பத்து.

முன்பு சணல் சாக்கு. அது கனம், ஈரம் பட்டால் இன்னும் கனம். ஒரு கிலோ கழித்ததில் ஓரளவு நியாயம் இருந்தது. பிறகு பிளாஸ்டிக் சாக்கு வந்தது. சாக்கு மாறியது, கழிவு மாறவில்லை. வியாபாரியின் தராசில் எந்தத் தில்லுமுல்லும் இல்லை, அதற்குத் தேவையே இருக்கவில்லை. ஒவ்வொரு சாக்கிலும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான புளியை உடைத்த கூலியை எல்லோர் கண்முன்னாலும் எடுத்துக்கொண்டிருந்தார். எதையும் ஒளித்துச் செய்யவில்லை என்பதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

அடுத்த முறை வண்டி வந்தபோது அக்கா இதைச் சொல்லியிருக்கிறார். வியாபாரி கோபப்படவில்லை. எங்கப்பா காலத்திலிருந்து உள்ள வழக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டு, கொண்டுவந்த புளியை இறக்காமலே போய்விட்டார். அந்த வாரம் அதற்குப் பிறகு வண்டி வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. புளி இல்லையென்றால் கூலி இல்லை, கொட்டையும் இல்லை. கொட்டை வியாபாரம் பார்க்கக் கிளம்பியவள் ஊர்ப் பிழைப்பையும் சேர்த்து உடைத்துவிட்டாள் என்று எதிர்வீட்டுக்காரர் குழாயடியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாராம். அக்கா எனக்குப் போன் செய்தார்.

"தராச எடுத்துட்டுப் போயிரு பாப்பா. பழையபடி ஒரு கிலோவே கழிச்சுக்கட்டும்னு சொல்றாளுக."

எங்கெல்லாம் புகார் கொடுக்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டேன். எந்த இடத்துக்குப் போனாலும் பதில் வருவதற்குள் புளிப் பருவம் முடிந்துவிடும். ஞாயிறு வரை பொறுங்கள் என்று மட்டும் சொன்னேன். என்னிடம் வேறு யோசனை இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வானம் மூட்டம் போட்டிருந்தது. கோடை மழையின் ஈரம் பட்டால் புளி கறுத்துவிடும், விலை போகாது. குடோன் நிறையப் புளியை வைத்துக்கொண்டு வியாபாரி எத்தனை நாள் காத்திருப்பார்? பத்து மணிக்கு வண்டி தெருவுக்குள் வந்தது. அவரே இறங்கினார்.

"சரி, அரைக் கிலோ கழிச்சுக்குவோம். உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்" என்றார்.

அக்கா காலிச் சாக்கைத் தட்டில் வைத்தார். "இதுல அரைக் கிலோ எங்க இருக்குன்னு காட்டுங்கண்ணே."

"பொம்பளைக கிராம் கணக்குப் பாக்க ஆரம்பிச்சா நாங்க எங்க போறது?"

"நீங்க எங்கயும் போக வேணாம்ணே. தராசு இங்கனயே இருக்கு" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

யாரோ சிரித்தார்கள். வியாபாரி மேகத்தைப் பார்த்தார். பிறகு வண்டிக்காரரிடம் மூட்டைகளை இறக்கச் சொன்னார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் சாக்குக்கு நூற்றுப்பத்து கிராம்தான் கழிவு. இப்போது பக்கத்து இரண்டு தெருப் பெண்களும் வியாபாரியிடம் போடுவதற்கு முன் அக்காவின் வாசலில் நிறுத்துவிட்டுத்தான் போகிறார்கள். கொட்டையையும் அங்கேயே கொடுக்கிறார்கள். ஆலைக்கு வண்டி பிடித்து அனுப்புமளவுக்குச் சேர்கிறது. என் கால் பங்கும் வருகிறது.

அந்த ஞாயிறன்று நான் கிளம்பும்போது எதிர்வீட்டுக்காரர் என்னை நிறுத்தினார். "நான் கல்யாணமாகி வந்ததுலருந்து எத்தன சாக்கு கட்டிக் குடுத்திருப்பேன்? நோட்டுல எழுதுற புள்ளதான நீ, எழுதிப் பாரு."

வாரத்துக்கு எத்தனை சாக்கு, பருவம் எத்தனை வாரம், எத்தனை வருடம் என்று கேட்டு எழுதினேன். மூன்று வரி எழுதியதும் அக்கா நோட்டை மூடிவிட்டார். தெரிந்தால் இவள் இன்றைக்குச் சாப்பிட மாட்டாள், விடு என்றார்.

திரும்பும் பேருந்தில் கணக்கை முடித்தேன். கிலோவில் மட்டும் போட்டேன், ரூபாயாக மாற்றவில்லை. கூலி வராமலே உடைத்துக் கொடுத்த புளி அரை டன்னுக்கு மேல் வந்தது. அது ஒரு வீட்டுக்கு.