முற்றத்துக்கு எபிரேயத்தில் ஒரு சொல்

எங்கள் ஓர்ஸ் ஹில் சபைக்கு மாற்றலாகி வந்த இளம் போதகர், ஞாயிறு பாடசாலை ஆசிரியைகளான எங்களுக்கு எபிரேயம் படிப்பித்தே தீருவதென்று ஒற்றைக் காலில் நின்றார். அன்றைய சொல் 'ஹாட்சேர்'. வீட்டு முற்றம் என்று பொருள். எனக்கு அந்த 'ஹா' வரவேயில்லை.

"தொண்டைக்குள்ளால வரவேணும், ரீச்சர். இன்னொருக்காச் சொல்லுங்கோ."

சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே, துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் ஒவ்வொன்றாக மழைக்குள் மறைந்துகொண்டிருந்தன. என் முற்றத்தில் அவித்த நெல்லைப் பாயில் பரப்பிவிட்டு வந்திருந்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை.

"ஐயா, வீட்டில நெல்லுக் காயுது."

"ஓம், ஓம், முடியப் போகுது. ஜெபம் பண்ணிப்போட்டுப் போகலாம்."

முடிவு ஜெபத்துக்கு முன் எழுந்து போகும் வழக்கம் எங்கள் சபையில் இல்லை. போனால் ஊரே கதைக்கும். கூரையில் மழை கொட்டியது. மூடிய கண்ணுக்குள் என் நெல் வாசல் படலைப் பக்கமாக மிதந்து போனது. போதகரோ, காய்ந்த பூமிக்கு மழை தந்ததற்காக ஆண்டவருக்கு நீளமாக நன்றி சொன்னார்.

எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். அதுவும் எபிரேயச் சொல்தான் என்று முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்திருந்தார். அது மட்டும் எனக்குப் பிழையில்லாமல் வந்தது.