மூன்றாவது குரல்

ஐயா போய்விட்டார் என்ற செய்தி ஞாயிற்றுக்கிழமை பகல் வந்தது. சேலை மாற்றி, குடையும் எடுத்துக்கொண்டு ஹாலிஎல பஸ்ஸுக்கு நின்றேன். மருமகள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அத்தை, ஏறாதீங்க. ஐயா காலையில தவறிட்டாராம். போன் வந்துச்சு."

நான் கேட்டது சரியில்லாத கேள்விதான். "அப்ப இன்னைக்கு முறைய யாரு நடத்துறது?" என்றேன். அன்று என் புருஷனின் முறை. அவர் செத்து இருபத்தொரு வருஷம்.

ஐயா என்பது நமுனுகுலப் பக்கம் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பது வருஷம் மருந்து கொடுத்த சிவபாதம் ஐயா. யாழ்ப்பாணத்தார். இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிற உங்களில் பலருக்கு அவர் ஊசி போட்டிருப்பார். அவரோடு நான் பேசாமல் இருந்ததும் உங்களுக்குத் தெரியும். அதைத்தான் எழுதப்போகிறேன். அவர் மகள் வாசுகி இதை எழுதத் தாள் கொடுக்கும்போதே சொன்னார்: "நல்லதை மட்டும் எழுதோணும் எண்டில்லை, அம்மா."

முதல் தடவை நான் போனது பிள்ளையின் காய்ச்சலுக்கு மருந்து வாங்க. உள்ளே கேசட்டில் வீணை ஓடியது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயா எட்டிப் பார்த்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உள்ளை வந்து இருங்கோ. பாட்டு நிண்டுகொண்டு கேக்கிற சாமான் இல்லை" என்றார். அங்கே இருந்த பெருமாள் கணக்கப்பிள்ளை, "கொழுந்து பறிக்கிறவளுக்கு எதுக்குங்க கதிரை?" என்று கேட்டார். அன்று அவர் பச்சைக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார், மேல் பொத்தான் இல்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பேச்சு எனக்குப் போகவில்லை.

ஞாயிறு பகல் இரண்டு மணிக்குக் கூடுவோம். ஐயா, அவர் மனைவி, கணக்கப்பிள்ளை, பள்ளிக்கூடத்து ருக்மணி டீச்சர், பிறகு நான், என்னோடு ஒட்டிக்கொண்டு வந்த என் புருஷன் மாரிமுத்து. வாரத்துக்கு ஒருவர் முறை. முறைக்காரர் தனக்குப் பிடித்த ஒரு பாட்டோ வாசிப்போ கொண்டுவர வேண்டும். முன்னால் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. ஐயா ஒரு தரம் தொண்டையைச் செருமுவார். எல்லாரும் இருங்கள், இனி ஒருவரும் எழும்பக்கூடாது என்று அர்த்தம். முடிந்ததும் ஒவ்வொருவரையும் கேட்பார்: "எங்கை பிடிச்சுது?" ராகத்தின் பேர் தெரிய வேண்டியதில்லை. எந்த இடத்தில் மனசு பிடிபட்டது என்று சொல்ல வேண்டும். எனக்குப் பேர்களும் பிறகு வந்துவிட்டன. ஒரு தரம் கேட்டது எனக்குள் அப்படியே கிடக்கும். மூன்று மாதத்துக்கு முன் போட்டதில் எந்த இடத்தில் பாடகர் மூச்சு வாங்கினார் என்று சொல்வேன். "அஞ்சலையின்ரை தலைக்குள்ளை நாடா ஓடுது" என்பார் ஐயா.

அவர் மனைவி இறந்தபோது ஒரு சட்டம் போட்டார். "போன ஆளின்ரை முறை போகாது." அதன்படி அந்த அம்மாவின் ஞாயிறு வரும்போது அந்த அம்மாவுக்குப் பிடித்த வீணையைப் போட்டு, வெறும் கதிரையையும் போட்டு வைப்போம்.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் ஒரு வழக்கம் உண்டு. பனிமூட்டம் இறங்கி எதிர்க் காம்பரா தெரியாத நேரத்தில், வெளியே யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டோம். மூன்றாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் "என்ன?" என்போம். உயிர் இல்லாதது இரண்டு தரம்தான் கூப்பிடும். ஐயா சிரிப்பார். "ஏன், உங்கடை பேய்க்கு மூண்டு எண்ணத் தெரியாதோ?"

"உங்க ஊருப் பேய் படிச்சிருக்குமுங்க. எங்களது தோட்டத்துப் பேய்தானே" என்பேன்.

ஒரு வருஷம் மாரியம்மன் திருவிழாவில், பகல் பூசைக்கு முன் நாதஸ்வரக்காரர் தோடி வாசித்தார். ஐயா கோயில் படியில் ரெக்கோடரை வைத்துப் பிடித்தார். ராகம் ஓய்ந்து தவில் எடுக்கும் முன்னால், மழை வருகிறதென்று என் புருஷன் என்னைக் கூப்பிட்டதும் அதில் விழுந்துவிட்டது. "அஞ்சல... ஏ அஞ்சல... அஞ்சல, வா போவோம்." மூன்று தரம். கணக்கப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். என் புருஷனோ அதையே தன் முறைக்கு எடுத்துவந்தார். "தோடிய விடுங்க. நடுவுல ஒருத்தன் பாடுறான் பாருங்க, அங்கதான் எனக்குப் பிடிச்சுச்சு" என்றார்.

அந்தத் திருவிழாவுக்கு அடுத்த மழையில் தொழிற்சாலைக்கு மேலே இருந்த மலைச்சரிவு மண்ணோடு இறங்கியது. என் புருஷன் அதன் அடியில் நின்றார். பதினோரு நாள் தோண்டினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. எரிக்க ஒன்றுமில்லை, புதைக்க ஒன்றுமில்லை. இருந்தது அந்த நாடாவில் இருந்த குரல் மட்டும்.

அவர் முறை வந்தது. ஐயா செருமினார், நாடா ஓடியது, தோடி முடிந்தது, தேத்தண்ணி வந்தது. எனக்கு ஞாபகம் அவ்வளவுதான். அடுத்த சுற்றில் அவர் முறை வந்தபோது ஐயா என் முகத்தைப் பாராமல் சொன்னார்: "அஞ்சலை, ஒரு பிழை நடந்துபோச்சு. ரேடியோக் கச்சேரி ஒண்டு பிடிக்கேக்கை அந்த நாடா அழிஞ்சுபோச்சு."

"வேற நாடா கெடைக்கலையா உங்களுக்கு?" என்றேன். நான் அவரோடு பேசிய கடைசிப் பேச்சு அது.

பேச்சுத்தான் இல்லை, போகாமல் இருக்கவில்லை. போகாவிட்டால் தான் செய்ததை அவர் மறந்துவிடுவார் அல்லவா? ஒவ்வொரு ஞாயிறும் போய், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டேன். அவர் ஓய்வுபெற்று ஹாலிஎலயில் மகள் வீட்டுக்குப் போன பிறகும் பஸ் ஏறிப் போனேன். என் புருஷன் முறையில் வெறும் நாடாவைப் போடச் சொல்லி டீச்சரிடம் சொன்னேன். ஐயா மறுக்கவில்லை. செருமிவிட்டுப் போட்டார். அரை மணி நேரம், ஒன்றுமே இல்லாத நாடாவின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஜன்னலுக்கு வெளியே பனி நிற்கும். ஒரு தரம் கணக்கப்பிள்ளை, "எனக்குத் தவில் கேக்குதுங்க" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. டீச்சருக்கும் கேட்டிருக்கிறது. எனக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

செத்த வீட்டில் ருக்மணி டீச்சர் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய், துணியில் சுற்றிய ஒன்றைக் கையில் வைத்தார். கேசட். மேலே ஐயாவின் கையெழுத்தில் "மாரிமுத்து முறை" என்று இருந்தது.

"அழியல அக்கா. தனக்குப் பொறகு உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு."

"இருபத்தொரு வருஷம் பொய்யா சொன்னாரு?"

"அன்னைக்கு நடந்தது உங்களுக்கு ஞாபகமே இல்லையா?"

"தேத்தண்ணி வந்துச்சு."

"அக்கா, அன்னைக்கு ஒருத்தரும் தேத்தண்ணி குடிக்கல. மூணாவது தரம் அவரு கூப்பிட்டதும் நீங்க எந்திருச்சிட்டீங்க. 'மூணு தரம் கூப்பிட்டாரு, ஆளு உசிரோடதான் இருக்காரு, இந்தா வாறேன்'னு சொல்லிக்கிட்டே வெளிய போயிட்டீங்க. சரிஞ்ச மண்ணு அப்பவும் காயல. இடுப்பளவு எறங்கிட்டீங்க. ஐயாதான் படுத்துக் கெடந்து இழுத்தாரு."

எனக்கு அது ஞாபகம் இல்லை. கணக்கப்பிள்ளையின் பொத்தான் ஞாபகம் இருக்கிற எனக்கு அது இல்லை. ஆனால் ஒன்று இருக்கிறது. அந்த வாரம் ஒரு நீலச் சேலையைப் பீலியில் அலசினேன். எத்தனை தண்ணீர் விட்டும் சிவப்பு மண் கரைந்துகொண்டே இருந்தது. எங்கே பட்டது இவ்வளவு மண் என்று யோசித்தேன்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லுங்கன்னேன் அக்கா. 'என்னோடை கோவமா இருக்குமட்டும் அவ ஓரிடமும் போகமாட்டா. கோவத்திலை எண்டாலும் ஞாயிறுக்கு வரட்டும்'னுட்டாரு."

மறுவாரம் ஞாயிறு, பகல் இரண்டு மணிக்கு, டீச்சரும் நானும் என் காம்பராவில் அதைப் போட்டோம். கதவைப் பூட்டித் திறப்பை டீச்சர் தன் மடியில் வைத்துக்கொண்டார். தோடி அப்படியே இருந்தது. மூச்சு வாங்கும் இடம், பிள்ளை அழும் இடம், எல்லாம். ராகம் ஓய்ந்தது.

"அஞ்சல..."

"ஏ அஞ்சல..."

என் கால் தானாகவே ஊன்றியது. பிறகு பொத்தானை அழுத்திய ஒரு 'டக்'. கொஞ்சம் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் ஐயா தொண்டையைச் செருமினார். மறுபடி ஒரு 'டக்'. தவில் எடுத்துவிட்டது.

அவர் அந்த நாடாவில் அழித்தது ஒரே ஒரு குரலை. பேய்க்கு எண்ணத் தெரியாதோ என்று சிரித்த மனிதர், மூன்றாவதை மட்டும் தேடி அழித்திருக்கிறார்.

"எங்க பிடிச்சுச்சு அக்கா?" என்று டீச்சர் கேட்டார். நான் ரெக்கோடரைப் பார்த்து, "சரிங்க ஐயா" என்றேன்.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இனி என் புருஷன் முறைக்கும் ஐயா முறைக்கும் அந்த ஒரே நாடாதான். என்னிடம் ஐயாவுடையது வேறொன்றும் இல்லை. அந்தச் செருமல் இருக்கிறது. இந்த மாதம் பகலிலேயே பனி இறங்குகிறது. எதிர்க் காம்பரா மறைந்ததும் வெளியே என் பேர் கேட்கிறது, ஒரு தரம், இன்னொரு தரம். மூன்றாவதுக்குக் காது கொடுத்து எழும்பப் பார்க்கிறேன். வாசலுக்குப் பக்கத்தில், உள்பக்கமாக, யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். உட்கார்ந்துகொள்கிறேன்.