செவ்வந்தி போட்ட முடிச்சு

கோபிசெட்டிபாளையம் குற்றவியல் நீதிமன்றத்தில் நான் தட்டச்சராகச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. 1995, ஆடி மாதம். மஞ்சள் மூட்டைத் திருட்டு வழக்கில் மூன்றாவது சாட்சியை டவாலி கூப்பிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கூண்டில் ஏறினார். பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கூண்டில் ஏறியதுமே குரல் இறங்கிப்போகும். இவருக்கு இறங்கவில்லை.

“பேரு?”

“செவ்வந்திங்க.”

“வீட்டுக்காரர் பேரு?”

“கருப்புசாமிங்க. மஞ்ச மண்டில மூட்டை தூக்கறாருங்க.”

“தொழில்?”

அவர் வாய் திறப்பதற்கு முன்பே நான் ‘கூலி’ என்று தட்டிவிட்டேன். இப்படி வருகிற எல்லாருக்கும் அதுதான் வழக்கம்.

“அம்மிணி, என்ன எழுதுனீங்க?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

“கூலின்னு.”

“கூலிதானுங்க வாங்கறேன். ஆனா செய்யற வேலை சாக்குத் தையலுங்க. அதைய எழுதிப்போடுங்க.”

நடுவர் தலையசைத்தார். நான் ‘கூலி’யின் மேல் எக்ஸ் எக்ஸாக அடித்துவிட்டுத் திருத்தினேன். இதுவரை எத்தனை பேருக்கு இப்படித் தட்டியிருப்பேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

செவ்வந்தியக்காவின் கதை முழுவதும் அன்று கூண்டில் வெளிவரவில்லை. வாய்தாவுக்கு வந்த நாட்களில் நீதிமன்ற வேப்பமரத்தடியில் கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் சொன்னார்.

அவர் பிறந்தது நம்பியூர்ப் பக்கம். பதினெட்டு வயதில் கல்யாணமாகிக் கோபிக்கு வந்தார். கணவர் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மஞ்சள் மண்டியிலேயே இவரும் வேலைக்குப் போனார். மண்டி வெங்கடபதி என்பவருடையது. விரலி மஞ்சளைத் தனியாக, கிழங்கைத் தனியாகப் பொறுக்கிப் போடும் வேலை. ஒரு நாள் சாக்குத் தைக்கிற ஆள் வரவில்லை. லாரி வாசலில் நின்றது. “நான் தெச்சுப் பாக்கட்டுங்களா?” என்று கோணி ஊசியை எடுத்தார்.

மூட்டை தைப்பதில் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவது தையல்தான். அந்தத் தையலைப் பிடித்து நிறுத்துவது, முதலில் நூல் நுனியில் போடுகிற முடிச்சு. சணல் நூலின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, ஆள்காட்டி விரலில் சுற்றி, கட்டைவிரலால் உருட்டித் தள்ளி இழுக்க வேண்டும். வீட்டில் ரவிக்கைக்கு ஊக்கு தைக்கும்போது மெல்லிய நூலில் போடுகிற அதே முடிச்சுதான். சணலில் போட்டால் தட்டைப்பயறு அளவுக்குத் தடித்து நிற்கும். அது சாக்கின் இழைக்குள் நழுவிவிட்டால் மூட்டையின் வாய் பிரிந்து மஞ்சள் அத்தனையும் ரோட்டில்தான்.

செவ்வந்தியக்கா போட்ட முடிச்சுகள் முதலில் நழுவின. அவருக்கு இடது கைப் பழக்கம். மற்றவர்கள் வலது கையால் செய்து காட்டியதைப் பார்த்து, அதே மாதிரி இடது கையால் செய்தார். நிற்கவில்லை. முதல் வாரத்திலேயே மூன்று மூட்டைகள் வாய் திறந்துகொண்டன. ஒரு முழம் சணலை வீட்டுக்கு எடுத்துப்போய், சோறு வேகும் நேரத்தில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

“மத்தவங்க உருட்டற பக்கமா உருட்டுனா என்ர கையில நூல் பிரியுதுங்க அம்மிணி. அதுக்கு எதிர்ப்பக்கமா உருட்டிப் பாத்தேன். ஒரு சுத்து பத்தல. ரெண்டு சுத்து போட்டேன். கல்லு மாதிரி நின்னுபோச்சு.”

முடிச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாலை ஓர் அரிசி நீளத்துக்கு விட்டு நறுக்கிவிடுவார். அதற்கப்புறம் பதினாறு வருடத்தில் அவர் தைத்த மூட்டை ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் மண்டியில் அவர் உட்காரும் இடம் குடோனின் பின்பக்கம்தான். ஒருமுறை வெளியூர் வியாபாரி ஒருவர், “மங்கலப் பொருளுங்க மஞ்ச. அதைய நொட்டாங்கையில தெக்கறாங்களே” என்று முகம் சுளித்துவிட்டார். அன்றிலிருந்து வெங்கடபதி, “செவ்வந்தி, நீ உள்ள உக்காந்து தெச்சுக்க” என்று சொல்லிவிட்டார். பின்பக்கத்தில் காற்றும் இல்லை, வெளிச்சமும் குறைவு. இவர் எதிர்த்துப் பேசவில்லை. “இருட்டுல தெச்சுத் தெச்சுத்தானுங்க எனக்கு முடிச்சு விரல்லயே தெரிய ஆரம்பிச்சுது” என்று மட்டும் சொன்னார்.

1994 சித்திரையில் மண்டிக் குடோனின் பூட்டை உடைத்து இருபத்திரண்டு மூட்டைகளை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஐந்தாம் நாள், பவானி போகிற சாலையில் ஒரு கொட்டகைக்குள் எண்பது மூட்டை மஞ்சள் அடுக்கியிருப்பதைப் போலீசார் கண்டுபிடித்தார்கள். எல்லா மூட்டையிலும் மண்டிக் குறி இருக்கும் இடத்தில் தார் பூசியிருந்தது. கொட்டகைக்காரர், “எல்லாமே நான் தோட்டத்துல போய் வாங்குன சரக்கு” என்று அடித்துச் சொன்னார். வெங்கடபதி போய்ப் பார்த்தார். சாக்கைப் பிரித்து மஞ்சளை உடைத்துக்கூடப் பார்த்தார். இந்தப் பக்கத்து மஞ்சள் எல்லாம் ஒரே நிறம், ஒரே வாசம். இதுதான் என்னுடையது என்று சொல்ல அவருக்கு வழியில்லை.

கருப்புசாமி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். மறுநாள் காலை செவ்வந்தியக்கா முதலாளியின் மேசை முன்னால் போய் நின்றார்.

“மொதலாளி, என்னையக் கூட்டிட்டுப் போங்க. நான் தெச்ச மூட்டையா இருந்தா நான் சொல்லிப்போடுவேன்.”

“எண்பதும் ஒரே மாதிரி இருக்குது செவ்வந்தி. நானே பாத்துட்டுத் தெகச்சு நின்னுட்டேன்.”

“நீங்க மஞ்சளப் பாத்தீங்க. நான் முடிச்சப் பாக்கறனுங்க.”

வேறு வழியில்லாததால் அவர் கூட்டிப்போனார். கொட்டகையில் சப்-இன்ஸ்பெக்டர் ஒரு சாக்பீஸைக் கொடுத்து, “உன்னுதுன்னு தோணறதுல கோடு போடும்மா” என்றார். செவ்வந்தியக்கா ஒவ்வொரு மூட்டையின் வாய் ஓரத்தையும் விரலால் தடவிக்கொண்டே போனார். அடியில் இருந்ததைப் பார்க்க மேலிருந்தவற்றைக் கருப்புசாமி இறக்கிக் கொடுத்தார். உச்சிப்பொழுதுக்குள் எண்பதையும் பார்த்து முடித்தாயிற்று. கோடு விழுந்தவை பத்தொன்பது.

“இருபத்திரண்டு காணோம்னுதானே புகார்? இன்னும் மூணு?” என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

“அன்னிக்குக் கடைசி மூணு மூட்டைக்கு முன்னால நூல் தீந்துபோச்சுங்க. நான் கடைக்குப் போயிட்டேன். பாப்பாயிதான் வேற நூல்ல தெச்சா. அது இதுல எங்கியாவது இருக்கும். ஆனா நான் சொல்ல முடியாதுங்க.”

பாப்பாயி என்பவர் மண்டியில் கூட வேலை பார்க்கிறவர். அவரையும் கூட்டி வந்து காட்டினார்கள். “என்ர முடிச்சு எல்லார் முடிச்சு மாதிரியேதானுங்க இருக்கும்” என்று அவர் கையை விரித்துவிட்டார். போலீசார் அந்தப் பத்தொன்பது சாக்குகளின் வாயையும் தையலோடு வெட்டி, சீல் வைத்து நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் கட்டு ஒரு வருடத்துக்கு மேல் எங்கள் பொருளறையில் இருந்தது. அறைக் கதவைத் திறந்தால் மஞ்சள் வாசம் வரும்.

இனி அந்த ஆடி மாத விசாரணைக்கு வருகிறேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். சத்தம் போடாமல் சிரித்தபடியே கேட்பார்.

“ஏம்மா, இருபத்திரண்டு மூட்டை காணாமப் போச்சு. நீ பத்தொம்பதுதான் காட்டுன. மூணு உனக்குத் தெரியல. அப்படின்னா உன் அடையாளத்துல தப்பு இருக்குதுதானே?”

“தப்பு இல்லீங்க. அந்த மூணு நான் தைக்கலீங்க. தைக்காததப் போயி என்னுதுன்னு எப்படிங்க சொல்றது?”

“சரி. சணல்ல போடற முடிச்சு ஊர் பூராவும் ஒண்ணுதான். இதுல உன் முடிச்சு, என் முடிச்சுன்னு என்ன இருக்குது?”

“கையெழுத்துல இருக்குதுங்களே. அது மாதிரிதானுங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். நடுவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வக்கீலிடம், சோதித்துப் பார்ப்பதில் ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். வக்கீலுக்கு ஏக சந்தோஷம். “நானே ஏற்பாடு செய்கிறேன், ஐயா” என்றார்.

கோணித் துண்டுகளும் ஊசியும் சணலும் வந்தன. செவ்வந்தியக்கா எல்லார் முன்னாலும் ஒரு துண்டில் முடிச்சுப் போட்டு நாலு தையல் தைத்துக் கொடுத்தார். அவர் விரல் போன வேகத்தில் முடிச்சு எப்போது விழுந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. அப்புறம் ஒரு பெண் காவலரோடு வெளியே வராந்தாவில் உட்காரவைத்தார்கள். உள்ளே டவாலி ஒன்று போட்டார். காவலர்கள் இருவர் போட்டார்கள். குமாஸ்தாக்கள் போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன். இரண்டு தடவை நழுவி மூன்றாவது தடவை நின்றது. எல்லாவற்றையும் வக்கீல் ஒரு தட்டில் அடுக்கினார். செவ்வந்தியக்கா தைத்ததை மட்டும் எடுத்து நடுவரிடம் கொடுத்தார். நடுவர் அதைத் தன் கோப்புக்கு அடியில் வைத்துக்கொண்டார். தட்டில் இருந்த எட்டில் ஒன்றைத் தன்னுடையது என்று அவர் காட்டினால் போதும், வழக்கு முடிந்தது.

அக்கா உள்ளே வந்தார். எட்டுத் துண்டையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

“இதுல என்னுது இல்லீங்க.”

“நல்லாப் பாரும்மா. நீ தெச்சத இங்க இருக்கற எல்லாரும் பாத்தோமே?” என்றார் வக்கீல்.

“தெச்சனுங்க. இந்தத் தட்டுல இல்லீங்க.” அப்புறம் ஒரு துண்டை மட்டும் தனியே எடுத்து நீட்டினார். “இதைய வேணும்னா கேளுங்க. இது நொட்டாங்கைக்காரங்க போட்டதுங்க. என்னைய மாதிரியே அந்தப் பக்கமா உருண்டிருக்குது. ஆனா ஒரு சுத்துதான். வாலும் நீட்டமாக் கெடக்குது. பழகாத கை, அவசரத்துல போட்டிருக்குதுங்க.”

“யார் போட்டது இது?” என்று நடுவர் கேட்டார்.

வக்கீல் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பேனா இடது கையில் இருந்தது. “நான்தான், ஐயா” என்றார்.

நீதிமன்றமே சிரித்தது. நடுவரும் சிரித்துவிட்டார். கோப்பைத் தூக்கி அடியிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். செவ்வந்தியக்கா அதைக் கையில்கூட வாங்கவில்லை. “ஆமாங்க, அதானுங்க” என்றார்.

பிறகு சீல் வைத்த கட்டைப் பிரித்தார்கள். பத்தொன்பது முடிச்சிலும் இரண்டு சுற்று, எதிர்ப்பக்கமாக உருண்டது, அரிசி நீள வால். நடுவர் தன் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

அன்று மதியம் வராந்தாவில் வக்கீல் அவரிடம் வந்து நின்றார்.

“ஏம்மா, சின்ன வயசுல உனக்கும் அடி விழுந்துச்சா?”

“அடி இல்லீங்க. எங்கம்மா கையில சூடு வெச்சுதுங்க. அப்பவும் மாறல.”

“எனக்கு எட்டாவது வரைக்கும் ஸ்கேல்ல அடி” என்றார் வக்கீல். படியிறங்கிப் போனார்.

மார்கழியில் தீர்ப்பு வந்தது. கொட்டகைக்காரருக்கும் அவர் கூட்டாளிக்கும் தண்டனை. தீர்ப்பைத் தட்டியது நான்தான். அதில் ஒரு வரி எனக்கு இன்றும் மனப்பாடம்: ‘தான் தைக்காத மூன்று மூட்டைகளைத் தன்னுடையவை என்று சொல்ல இச்சாட்சி மறுத்ததே இவருடைய சாட்சியத்தின் வலு.’ அந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “ஐயா சரியாத்தான் எழுதியிருக்காருங்க” என்றார்.

வெங்கடபதி அவரைக் குடோனின் முன்வாசலுக்கு மாற்றிவிட்டாராம். வெளியூர் வியாபாரிகள் வந்தால், “கோர்ட்டுல ஜெயிச்ச கை இதுதானுங்க” என்று அவரே காட்டுகிறாராம்.

“சந்தோஷமாக்கா?” என்று கேட்டேன்.

“அது கெடக்குதுங்க. போன வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன், அதச் சொல்றேன் கேளுங்க” என்று ஆரம்பித்தார்.

அவருடைய மகள் கிருபா மூன்றாம் வகுப்பு. அவளுக்கும் இடது கைதான். வகுப்பு டீச்சர் பென்சிலைப் பிடுங்கிப் பிடுங்கி அவளுடைய வலது கையில் திணித்து அடித்துக்கொண்டிருந்தார். பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதிருக்கிறது. அக்கா மண்டிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு நேராக வகுப்பறைக்கே போனார்.

“ஏனுங்க டீச்சர், இவ எழுதறது தப்பா இருந்தா அடிங்க, நான் ஒண்ணும் சொல்லல. எந்தக் கையில எழுதறாங்கறதுக்கு அடிக்காதீங்க. ஜட்ஜையாவே நொட்டாங்கைய ஒத்துக்கிட்டாருங்க. நீங்க ஒத்துக்க மாட்டீங்களா?”

டீச்சர் முதலில் முறைத்தாராம். அப்புறம், “மஞ்ச மூட்டைக் கேசுல சாட்சி சொன்னது நீங்களா?” என்று கேட்டாராம். ஆமாம் என்றதும் எழுந்து வந்து, கிருபாவைப் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்காரவைத்தாராம். நடுவில் உட்கார்ந்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிக்கும், ஓரத்தில் என்றால் கையை நன்றாக வீசி எழுதலாம் என்றாராம்.

“அது எனக்கே தோணலீங்க அம்மிணி” என்றார் செவ்வந்தியக்கா. “அந்த டீச்சரும் கெட்டிக்காரிதானுங்க.”