வேர்க்கையின் நாடி

நம்பாவிட்டாலும் பரவாயில்லை, சிரிக்காமல் கேளுங்கள். இது என் அண்ணிக்கு நடந்தது. பதினாறு வருடமாக நர்ஸ் வேலை. பிணவறைக்குக்கூடத் தனியாகப் போய்வருகிறவர். பேய் என்றால் எங்களைத்தான் கேலி செய்வார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணனும் அண்ணியும் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே எல்லாமே உளி படாத சிற்பங்கள். படுத்திருக்கும் ஆடு போல ஒரு பாறை, கொட்டாவி விடும் முகம் போல ஒரு அடிமரம், எல்லாம் தானாக அமைந்தவை. அண்ணன் பாறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். அண்ணி மட்டும் வேர்கள் வைத்திருந்த பக்கம் நடந்தார். மாலை மணி 5.10.

கடைசி மேடையில் ஒரு வேர். முழங்கை முதல் விரல்வரை அச்சு அசல் மனிதக் கை. வார்னிஷ் பளபளத்தது.

"என்னப்பா, உடம்பு எப்படி இருக்கு?"

விளையாட்டாகத்தான் இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்தார்.

துடித்தது.

பழக்கதோஷம், செல்போனில் நேரம் பார்த்து எண்ணினார். நிமிடத்துக்கு முப்பது. இழுத்துக்கொண்டு கிடப்பவரின் நாடி.

கையை எடுக்கப் போனார். முடியவில்லை. மர விரல்கள் அவர் மணிக்கட்டைச் சுற்றி மூடியிருந்தன.

5.25. தோட்டம் மூடும் மணி அடித்தது. டாங்... டாங்...

அண்ணனுக்குப் போன் செய்தார்.

"ஏங்க... கை மாட்டிக்கிச்சு. வேர் இருக்கிற பக்கம் வாங்க!"

"அங்கதாம்மா நிக்கிறேன். நீ எங்க இருக்க?"

சரளைக்கல்லில் செருப்புச் சத்தம். சரக்... சரக்... அண்ணன் இரண்டடி தள்ளி வந்து நின்றார். அண்ணியை நேராகப் பார்த்தார். பார்வை எதிலும் நிற்காமல் தாண்டிப் போனது.

"ஏங்க!"

அவர் திரும்பவில்லை. போய்விட்டார்.

வேரின் நாடி நாற்பத்தைந்து... அறுபது...

அண்ணியின் விரல்கள் மரத்துப்போயின.

எழுபத்திரண்டு.

5.41. பிடி விட்டது. வாசலுக்கு ஓடியபோதுதான் அண்ணன் கண்ணுக்கு அண்ணி தெரிந்தார்.

மறுநாள் மருத்துவமனையில் டாக்டர் பார்த்தார். இடது கையில் சூடு இருக்கிறது. விரல்கள் அசைகின்றன. ஸ்கேனில் அடைப்பு எதுவும் இல்லை. நாடி மட்டும் இல்லை. இன்றுவரை இல்லை.

புதன்கிழமை அண்ணன் மட்டும் அந்தத் தோட்டத்துக்குப் போனார். வேர்க்கை இருந்த மேடைக்கு முன்னால் காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருந்தார்.

"என்னன்னே புரியல சார். காஞ்சு இருபது வருஷமான கட்டை இது. திங்கக்கிழமையிலேர்ந்து துளிர் விடுது."